நோய் தீர்ந்தபின் எங்கே வாழ்வது? – பாப்வொர்த் குடியிருப்பின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களைப் பெரிதும் வாட்டிய நோய் காசநோய். அதனை வேரறுக்கும் மருந்து அன்று இல்லை. சானடோரியத்தில் சில மாதங்கள் ஓய்வும் தூய காற்றும் சத்துணவும் அளிப்பதே சிகிச்சை. சற்றுத் தேறியவுடன் நோயாளியை ஊருக்கு அனுப்பிவிடுவர். ஆனால் அவர் திரும்பிச் சென்றது, வெயில் நுழையாத அதே நெருக்கடியான அறைக்கும், முழுநாள் உழைத்தால் மட்டுமே கூலி தரும் அதே தொழிற்கூடத்துக்கும்தான். ஆகவே பலர் மீண்டும் படுத்தனர். மாதக்கணக்கில் அளித்த சிகிச்சை வீணாயிற்று.

இந்தக் குறையை ஆழ்ந்து நோக்கியவர், 1883ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்த மருத்துவர் பெண்ட்ரில் வேரியர் ஜோன்ஸ். நோயை மட்டுமன்று, நோயாளி வாழும் சூழலையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்பது அவர் கொள்கை. கேம்பிரிட்ஜ் அருகே போர்ன் என்னும் சிற்றூரில் 1916இல் மிகச் சிறிய அளவில் பணியைத் தொடங்கினார். 1918இல் 17 நோயாளிகளுடன் பாப்வொர்த் மாளிகைக்கு அப்பணி இடம்பெயர்ந்தது.

அங்கு மருத்துவமனை, தொழிற்கூடம், வீடு ஆகிய மூன்றும் ஒரே ஊராக இணைந்தன. தேறிவந்தவர்கள் தச்சுவேலை, பெட்டி செய்தல், அச்சுத்தொழில், கோழி வளர்ப்பு முதலியவற்றில் ஈடுபட்டனர். ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பதை மருத்துவரே வரையறுத்தார். உழைத்த நேரத்துக்கு ஊதியம் உண்டு. செய்த பொருள்கள் இரக்கத்தை நாடாமல், தரத்தை நம்பி வெளிச்சந்தையில் விலைபோயின. மணமானவர்களுக்குத் தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள் வாடகைக்கு அளிக்கப்பட்டன; மனைவி மக்களும் உடன் வாழ்ந்தனர். நோய் முற்றினால் மருத்துவமனை அருகிலேயே இருந்தது. குடும்பம் வீட்டை இழக்கவில்லை.

இதில் குறைகளும் இருந்தன. விதிகள் கடுமையானவை, மணமாகாத ஆண் பெண் இருபாலரும் பிரித்தே வைக்கப்பட்டனர். வீடும் வேலையும் மருத்துவமும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தமையால், மறுத்துப் பேசும் உரிமை குடியிருப்போருக்குக் குறைவே. உதவி பெறுவோரின் தன்மதிப்பைக் காப்பது, கட்டடம் எழுப்புவதினும் அரிய பணி என்பதை இது காட்டுகிறது.

வேரியர் ஜோன்ஸ் 1941இல் காலமானார். இரண்டாண்டுகளில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. பின்னர் நம் சென்னையிலேயே ஒரு திருப்பம் நிகழ்ந்தது. இங்கு 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையம், ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மறு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் மருந்தளித்து ஒப்புநோக்கிற்று. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய இணையான பயன் தந்தது. அதனால் உடன் வாழ்ந்தோருக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. இம்முடிவுகள் 1959இல் வெளியாயின. உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்தது. பாப்வொர்த் மருத்துவமனையும் காலப்போக்கில் இதய மருத்துவத்துக்குப் பெயர்பெற்றது.

ஆயினும் பாப்வொர்த் எழுப்பிய வினா பழமையடையவில்லை. வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் சிறுநீரக நோயாளிக்கும், புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஊர்விட்டு வந்து தங்கும் ஏழைக் குடும்பத்துக்கும் மருந்து மட்டும் போதாது. மருத்துவமனைக்கு அருகே தாங்கத்தக்க வாடகையில் ஓர் அறை, உடல்நிலைக்கேற்ற சிறு வேலை, அயலில் ஒரு துணை ஆகியவை அமைந்தாலன்றிச் சிகிச்சை முழுமை பெறாது. அறப்பணிக்கெனப் பொருள் ஒதுக்குவோர், மருத்துவச் செலவோடு வாடகையையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.