கொம்புக்கு இடும் தீவனமும் பிணையின் பசியும்: டெக்சஸ் வேட்டை நிலங்களில் வெள்ளைவால் மான் மேலாண்மை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், தனியார் வேட்டை நிலங்களில் வாழும் வெள்ளைவால் மான்களுக்குத் தீவனம் இடும் வழக்கம் பெரும்பாலும் ஆண்மானின் கொம்பை நோக்கியே வளர்ந்துள்ளது. கொம்பின் அளவே வேட்டைக்காரர் தரும் கட்டணத்தைத் தீர்மானிப்பதால் நில உரிமையாளரின் கவனமும் செலவும் கொம்பைச் சுற்றியே அமைகின்றன. ஆனால் உடலியலும் நிலத்தின் இயல்பும் வேறொரு வரிசையைக் காட்டுகின்றன: முதலில் நிலத்தின் செடிகொடிகள், அடுத்துப் பிணை, அதன் பிறகே கலையும் அதன் கொம்பும். (மானினத்தின் ஆணைக் கலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் குறிக்கும் பழந்தமிழ் வழக்கே இங்குப் பின்பற்றப்படுகிறது.) இவ்வரிசையைத் தலைகீழாக்கும் தீவனமுறை மானுக்கும் நிலத்துக்கும் கேடாக முடிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டெக்சஸ் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியாருடையது. ஆயினும் அந்நிலங்களில் திரியும் வெள்ளைவால் மான், எட்டடி உயர வேலிக்குள் அடைபட்டிருந்தாலும், சட்டப்படி மாநில மக்களின் பொதுச் சொத்தாகும். உரிமையாளர் குத்தகைக்கு விடுவது நிலத்துக்குள் நுழைந்து வேட்டையாடும் வாய்ப்பை மட்டுமே. இதற்கு மாறாக, 1932இல் அங்குக் கொண்டுவரப்பட்ட நம் நாட்டுப் புள்ளிமான் அயல் கால்நடையாகக் கருதப்படுவதால் உரிமையாளரின் உடைமையாகிறது, ஆண்டு முழுவதும் வேட்டைக்கும் உரியதாகிறது. மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருந்த ஓநாய்கள் முன்னரே அழிக்கப்பட்டுவிட்டன. புதிதாகப் பிறந்த கன்றின் கொப்பூழ்ப் புண்ணில் முட்டையிட்டு அதைக் கொல்லும் திருகுப்புழு ஈயும், மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைப் பரப்பும் முறையால் 1960களில் பெருமளவு அடக்கப்பட்டது. அதன்பின் பெருகிய மந்தையைக் குறைக்கப் பெரும்பாலும் எஞ்சியவை வேட்டைக்காரரின் துப்பாக்கியும் வறட்சிக்காலப் பட்டினியும்தாம். அவற்றுள் பட்டினியைத் தீவனம் தள்ளிப்போடுகிறது என்பதை மனத்திற்கொண்டே தீவனத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மான் மாட்டைப் போல அசைபோடும் விலங்கே எனினும் மாட்டைப் போலப் புல்லை நம்பி வாழ்வதன்று. உடலளவை நோக்கச் சிறிதான அதன் முதல் இரைப்பை, முற்றிய புல்லின் நார்ச்சத்தை நெடுநேரம் வைத்துச் செரிப்பதற்கு ஏற்றதன்று. ஆகவே அது இளந்தழை, மொட்டு, அகன்ற இலைப் பூண்டுகள், ஓக் மரத்தின் கொட்டை ஆகியவற்றைத் தேடித் தேர்ந்து உண்கிறது. விலங்கியலார் இத்தகையவற்றைத் தேர்ந்துண்ணிகள் என வகைப்படுத்துவர். கலையின் கொம்போ, மாட்டின் கொம்பைப் போல நிலையானதாக இல்லாமல், பின்பனிக்காலத்தில் உதிர்ந்து, இளவேனிலிலும் கோடையிலும் தோலுறைக்குள் மீண்டும் வளரும் எலும்பு. அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதியை மான் தன் விலா எலும்புகளிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. டெக்சஸின் கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் 1974இல் தொடங்கிய ஆய்வுகள், 8 விழுக்காடு புரதம் உள்ள தீவனம் உண்ட கலைகளைவிட 16 விழுக்காடு உண்டவை உடலாலும் கொம்பாலும் பெரியவையாக வளர்வதைக் காட்டின. கொம்புக்காக அடர்தீவனம் இடும் வழக்கத்துக்கு இதுவே அறிவியல் அடிப்படையாகக் காட்டப்படுகிறது.

அம்முடிவு சரியானதே, அதிலிருந்து பெறப்படும் நடைமுறைதான் குறையுடையது. தெற்கு டகோட்டாவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், சத்துக் குறைந்த பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த கன்றுகள், வளமான கிழக்குப் பகுதிக் கன்றுகளுடன் ஒரே உயர்தரத் தீவனத்தில் வளர்க்கப்பட்டன. அத்தனை தீவனம் உண்டும் மலைப்பகுதிக் கலைகள் சிறியனவாகவே நின்றன; ஆனால் அதே தீவனத்தில் வளர்ந்த தாய்களுக்குப் பிறந்த அடுத்த தலைமுறைக் கலைகள் உடலெடையிலும் கொம்பிலும் மற்றவற்றை எட்டின. தாயின் உடல்நிலை மகவின் வளர்ச்சியை வாழ்நாள் முழுவதும் கட்டுப்படுத்தும் இந்நிகழ்வு தாய்வழி விளைவு எனப்படுகிறது. கொம்பை விரும்புவோரும் பிணையிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிணை ஏறத்தாழ 200 நாள் சினை சுமந்து கோடையில் ஈனுகிறது. பாலூட்டும் வாரங்களில் அதன் ஆற்றல் தேவை பெருமளவு உயர்கிறது. அதே வாரங்களில்தான் வெயில் பூண்டுகளைக் கருக்கிவிடுகிறது. தீவனத் தொட்டியை வலிய கலைகள் சூழ்ந்துகொள்ள, மறைவிடத்தில் கன்றைக் கிடத்தியிருக்கும் பிணை தொலைவுக்கு வந்து முட்டிமோதி உண்பதில்லை. எனவே தொட்டிகள் புதர்மறைவுக்கு அருகில், பல இடங்களில் பரவலாக அமைவதும், கோடை முழுவதும் இடைவிடாமல் நிரப்பப்படுவதும் இன்றியமையாதவை. வேட்டைப் பருவம் நெருங்கும்போது மட்டும் கொட்டப்படும் தீவனம் மானை வேட்டைக்காரரின் கண்முன் இழுத்துவருமேயன்றி, வளர்ந்து முடிந்த கொம்புக்கும் பால்மறந்த கன்றுக்கும் உதவாது.

இனி நிலம். தொட்டியில் உண்ட மான் தழை மேய்வதை விட்டுவிடுவதில்லை. வயிறு நிறைந்தும் தனக்கு உகந்த செடிகளைத் தேடித் தின்றுகொண்டேயிருக்கும். நெருக்கம் மிகுந்தால், மானின் வாய் எட்டும் உயரம்வரை இலையே இல்லாமல் மரங்கள் ஒரே மட்டத்தில் வெட்டுண்டனபோல் நிற்கும் மேய்கோடு தோன்றுகிறது. இழப்பின் அளவைக் கெர் பகுதியின் மற்றொரு சோதனை உணர்த்துகிறது: 96 ஏக்கர் வேலிப்பரப்பில் 1971இல் ஆறு வெள்ளைவால் மான்களும் ஆறு ஜப்பானியச் சிகா மான்களும் விடப்பட்டன, தழை தீர்ந்ததும் புல்லுக்கு மாறிக்கொண்ட சிகா பெருகியது, மாற முடியாத வெள்ளைவால் மான் 1979க்குள் அங்கு அற்றுப்போயிற்று. தென் டெக்சஸின் வறண்ட புதர்க்காட்டு ஆய்வுகளில் மான் நெருக்கத்தைவிடத் தீவனமே உடலெடையை வலுவாகப் பாதித்தது உண்மை. மழையே விளைச்சலை முடிவுசெய்யும் அந்நிலத்துக்கு அம்முடிவு பொருந்தும். அதைக் கெர் பகுதி அமைந்துள்ள எட்வர்ட்ஸ் பீடபூமியின் ஓக் காடுகளுக்கு அப்படியே நீட்டுவது பொருந்தாது. அங்குப் பிணைகளைப் போதிய எண்ணிக்கையில் வேட்டையாடாமல் தீவனத்தைக் கூட்டுவது, நிலத்தின் தாங்குதிறனுக்கு மேலான மந்தையைச் சாக்குமூட்டைகளின் துணையால் நிறுத்திவைப்பதாகும்.

எதைக் கொட்டுகிறார்கள் என்பதும் கவனத்துக்குரியது. மிகுதியாகப் பயன்படும் மக்காச்சோளத்தில் புரதம் சுமார் 8 விழுக்காடே. பழக்கமில்லாத மான் அதைத் திடீரென மிகுதியாக உண்டால், மாவுச்சத்து புளித்து லாக்டிக் அமிலம் பெருகி, செரிமான நுண்ணுயிர்கள் அழிந்து மான் சாகவும் கூடும். ஈரத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. தமிழ்நாட்டில் ஆட்டிக் கறவை மாட்டுக்கு வைக்கும் பருத்திக்கொட்டை அங்குக் கம்பிவலைக் கூடுகளில் முழுதாகவே வைக்கப்படுகிறது. காட்டுப்பன்றியும் ரக்கூனும் அதைப் பெரிதும் நாடாமையால் செலவு மானுக்கே சேர்கிறது, ஆயினும் கால்நடைகளின் ஆண் இனப்பெருக்கத் திறனைப் பாதிப்பதாக அறியப்பட்ட கோசிப்பால் அதில் இருப்பதால் அளவு வேண்டும்.

இவை அனைத்தினும் கொடியது நாட்பட்ட நலிவு நோய். உருத்திரிந்த புரதமாகிய பிரையானால் மூளை சிதைந்து மான் மெலிந்து இறக்கும் இந்நோய்க்கு மருந்தில்லை. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் காணப்பட்ட இது, டெக்சஸில் 2012இல் காட்டு மான்களிடமும் 2015இல் ஒரு மான் வளர்ப்பகத்திலும் கண்டறியப்பட்டது. எச்சிலாலும் கழிவுகளாலும் பரவும் பிரையான் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்குவதால், பல வாய்கள் ஒன்றுகூடும் தொட்டி தொற்றுக்கு வாய்ப்பான இடமாகிறது. பிணைகளைக் குறைத்துத் தழையைக் காத்துவைத்த நிலத்தில், நோய் அண்டையில் தென்பட்ட அன்றே தொட்டியை மூடிவிடலாம். சாக்குத் தீவனத்தை நம்பிப் பெருக்கப்பட்ட மந்தையுள்ள நிலத்தில், மூடினால் மான்கள் பட்டினியால் மடியும், திறந்துவைத்தால் நோய் பரவும்.