பிள்ளை கையில் வீடு சேரும் நூல்

கெலவரப்பள்ளி என்றதும் தென்பெண்ணை அணையே பலருக்கு நினைவு வரும். ஓசூரை அடுத்த இவ்வெல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என வளரும் பிள்ளைகள் இங்கே பலர். அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்திற்கும் தொடக்கப்பள்ளி நூலகம் ஆற்றக்கூடிய தொண்டினை வரலாற்றின் துணைகொண்டு கூற விரும்புகிறேன்.

சீர்காழியிற் பிறந்த அரங்கநாதனார் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டது 1931ஆம் ஆண்டில். நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பது முதல் விதியின் கருத்து. மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பியதும் அவ்வாண்டிலேதான். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது.

சட்டமும் வண்டியும் ஊர்வரை வரும். வீட்டினுள் நூலைக் கொண்டு சேர்ப்பவர் யார்? பள்ளிப் பிள்ளையே அன்றோ! பிள்ளை உரக்கப் படிக்க, எழுத்தறியாப் பாட்டி கேட்பார். ஆலைவேலை முடித்து வந்த தந்தை கேட்பார். விளங்காத சொல்லுக்குத் தாய் வீட்டுமொழியில் பொருள் வினவுவார். ஒரு நூலுக்கு நால்வர் வாசகராவர்.

கிழிந்துவிடும் என்றஞ்சி நூலை அலமாரியில் பூட்டிவைக்கும் பள்ளி, மன்னார்குடி வண்டியை நடுவழியில் நிறுத்துகிறது என்பேன். கிழிந்த நூலை ஒட்டிக்கொள்ளலாம். படிக்காமற் கடந்த இளமையை மீட்க இயலுமா?