நூலும் நாடாவும்

யாழ்ப்பாணத்தில் ஒரு காரியம் பிசகின்றி நேராக அமைந்துவிட்டால் ‘நூல் பிடித்தாற்போல இருக்கிறது’ என்கிறோம். அந்நூல் எவருடையது என்று கேட்பாரில்லை. அது தச்சருடைய நூல். மரத்தின் கோணலைத் தீர்க்கும் அந்நூலையும் மனத்தின் கோணலைத் தீர்க்கும் சாஸ்திர நூலையும் ஒரே சொல்லிலே பிணைத்துக் காட்டினார் பவணந்தி முனிவர். அவருடைய நன்னூலுக்கு நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதியமையால், அவ்வுவமையை மனனம் செய்யாத பழைய மாணாக்கர் இங்கே அரியர்.

காவியோ கரியோ கரைத்த நீரில் நூலைத் தோய்த்து, இருமுனையையும் இறுகப் பற்றி, நடுவிலே விரலால் உயர்த்தி ஒருமுறை சுண்டிவிட்டால், பலகையிலும் சுவரிலும் மயிரிழை போன்ற ரேகை விழும். மறுமுறை சுண்டலாகாது, சுண்டினால் ஒன்று இரண்டாகிவிடும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மதிலிலே காண்பதுபோன்ற செங்காவியும் வெள்ளையுமான பட்டைகளைத் தீட்டுவோர்க்கும் நூலே துணை. ஆனால் நூல் எல்லையைக் காட்டுமேயன்றி வர்ணத்தைத் தடுக்காது. ரேகையின் ஓரத்தில் தூரிகையை நிறுத்துவது கையின் நிதானம் ஒன்றே.

சமதளத்தில் இத்துணைச் சாமர்த்தியம் காட்டும் நூல் கப்பலின் வளைந்த வயிற்றிலே தோற்றுவிடுகிறது. கப்பல் கட்டும் வல்வெட்டித்துறை ஓடாவிகள் இந்தச் சங்கடத்தை நன்கு அறிந்திருப்பார்கள். 1930 இல் அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ 89 அடி நீளமான பாய்க்கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்ட, ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்ற புதுப்பெயருடன், கப்பல் தலைவராகிய தண்டயல் உட்பட வல்வெட்டித்துறையார் ஐவர் செலுத்த, சூயஸ் கால்வாய் கடந்து அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1 ஆம் திகதி மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது.

அக்கப்பல் சென்று சேர்ந்த தேசத்திலேதான் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு சாதனம் பிறந்திருந்தது. இருவர்ண மோட்டார் வண்டிகள் நாகரிகமாயிருந்த அக்காலத்தில், ஒரு வர்ணத்தின்மேல் கடதாசியைப் பசையால் ஒட்டி மற்றதைப் பூசுவார்கள். கடதாசியை உரிக்கும்போது அடி வர்ணமும் கூடவே வந்துவிடும். வர்ணம் பூசுவோர் இதற்காகத் திட்டிக்கொண்டதைக் கேட்டவர், 3எம் கம்பெனியின் உப்புத்தாளைப் பரீட்சிக்கக் கொடுக்கவந்த ரிச்சர்ட் ட்ரூ என்னும் வாலிபர். 1925 இல் அவர் கொண்டுவந்த முதல் நாடாவில் ஓரங்களில் மட்டுமே பசை இருந்தமையால் அது கழன்று விழுந்ததாம். இன்று எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கேட்டால் கிடைக்கும் மாஸ்கிங் டேப் அதன் வழித்தோன்றலே.

நூல் தோற்ற வளைவிலே இந்நாடா வெல்வதைச் சிறுகப்பல் ஒன்றிலே பார்ப்போம். அன்னபூரணியை நாற்பத்தெட்டில் ஒரு பங்காக மரத்திலே செதுக்கினால் நீளம் ஏறக்குறைய 22 அங்குலம். பெருங்கப்பலுக்கு மிதக்கும் இடத்தைக் கடலே பாசிபிடித்த கோடாக எழுதித் தருகிறது. மேசைமேலிருக்கும் சிறுகப்பலுக்கு யார் தருவார்? ஒரு மரக்கட்டையின்மேல் பென்சிலைக் கிடையாகக் கட்டி, கட்டையை மேசையில் நகர்த்திக்கொண்டே கப்பலைச் சுற்றிவந்தால் நீர்மட்டக் கோடு தானாக எழுதப்படும். அக்கோட்டிலே ஒட்டவேண்டிய நாடாவின் ஓரத்தில் கடையின் தூசு அப்பியிருக்கும். ஆகவே கண்ணாடித் துண்டிலே ஒட்டி, கூரிய பிளேடால் கால் அங்குலத்துக்கும் மெல்லிய கீற்றுகளாக அறுத்தெடுத்தல் உசிதம். அகன்ற நாடா வளைவிலே சுருங்கும். கீற்று வளைந்து கொடுக்கும். நகத்தால் ஓரத்தை அழுத்திய பின், முதலில் அடி வர்ணத்தையே மறுபடி அவ்வோரத்தில் மெல்லியதாகப் பூசுக. கசிவதானால் அதுவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அதன்மேல் பூசும் மற்ற வர்ணத்துக்குப் புக வழியிராது. இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே நூலைவிட நாடாவை நான் உயர்வாக மதிக்கிறேன்.

உரிப்பதை நாளைக்கு என்று ஒத்திவைக்க வேண்டாம். வர்ணம் முற்றும் இறுகுமுன், நாடாவை அதன்மேலேயே மடித்து, தாழ்வாக இழுத்து மெல்ல உரியுங்கள். சித்திரை வெயிலிலே கிடக்கவிட்டால் கடதாசி கிழிந்து கையோடு வரும், பசை கப்பலிலேயே தங்கிவிடும்.