வாசகர் பணத்தில் நின்ற நாளிதழ்

1977ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், மேற்கு ஜெர்மனியின் முதலாளிகள் சங்கத் தலைவர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையரைச் 'செம்படைப் பிரிவு' என்னும் ஆயுதக் குழு கடத்தியபோது, அது குறித்த செய்திகளை அடக்கி வாசிக்குமாறு அரசு கேட்டுக்கொண்டதற்குப் பெரிய நாளிதழ்கள் இணங்கின. செய்தித்தாளின் உடைமை பெருநிறுவனங்களிடம் இருக்கும்வரை இந்த இணக்கமும் நீடிக்கும் எனக் கருதிய இடதுசாரி, சூழலியல், மகளிர் இயக்கத்தினர், தமக்கென ஒரு நாளிதழ் தொடங்கும் திட்டத்தை 1978 ஜனவரியில் மேற்கு பெர்லினில் கூடிய 'டூனிக்ஸ்' மாநாட்டில் பரப்பினர்.

முதலீட்டாளர் இல்லாத அம்முயற்சிக்கு முன்சந்தாவே, அதாவது இதழ் அச்சேறும் முன்பே வாசகர் நம்பிச் செலுத்திய பணமே, முதலாயிற்று. பல நகரங்களில் தோன்றிய ஆதரவுக் குழுக்கள் அதைத் திரட்டின. எதிர்பார்த்த தொகை சேராதபோதும் 1979 ஏப்ரல் 17 முதல் நாளிதழ் வெளிவந்தது. 'தாட்ஸ்' எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட அவ்விதழ், ஊழியர் அனைவருக்கும் ஒரே ஊதியம் வழங்கியதோடு, நாளடைவில் பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் நகரங்களுக்குத் தனி உள்ளூர்ப் பக்கங்களையும் நடத்தியது. ஆயினும் சந்தா மட்டுமே அதைத் தாங்கியது எனக் கூறுதல் மிகை: பிரிந்து கிடந்த பெர்லினின் தொழில்களுக்கு அரசு அளித்த வரிச்சலுகையும், அரசை ஓயாது சாடிய இந்த ஏட்டைக் காத்தது.

ஜெர்மனி இணைந்தபின் அச்சலுகை விலக்கப்படவே, வெளி முதலீட்டாளரை ஏற்பதா, வாசகரையே உடைமையாளராக்குவதா என்ற கடும் விவாதம் எழுந்து, இறுதியில் கூட்டுறவுச் சங்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1992 முதல் இதழ் அதன் உடைமையாயிற்று. எத்தனை பங்கு வாங்கினாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு என்பது அதன் அடிப்படை விதி. நன்கொடை வேண்டுகோள்களால் நெருக்கடிகளைத் தள்ளிப்போட மட்டுமே முடியும்; தாட்ஸ் விடுத்த வேண்டுகோள்களோ தனி இலக்கிய வகையாகத் தொகுக்கத்தக்க அளவு பல. பணம் தருபவருக்கு ஆளும் உரிமையை அளித்து, பெரும்பணம் தருபவருக்கு வரம்பையும் விதித்த அந்தக் கூட்டுறவு ஏற்பாடே இதழை நிலைநிறுத்தியது.

இன்று குறைந்தபட்சப் பங்குத்தொகை 500 யூரோ. அதைத் தவணையிலும் செலுத்தலாம். உறுப்பினர் 20,000க்கும் மேற்பட்டோர். சந்தாவுக்கு வசதிக்கேற்ற மூன்று விலைகள் உண்டு. இணையத்தில் கட்டுரைகளைக் கட்டணமின்றிப் படிக்க விட்டு, விரும்புவோர் தரும் தொகையைப் பெறும் முறை 2011இல் தொடங்கியது. 2025 அக்டோபர் 17உடன் வார நாள் அச்சுப் பதிப்பு நிறுத்தப்பட்டது. வார இறுதிப் பதிப்பு இன்னும் அச்சில் வருகிறது.