நரம்பில் போகும் சேதி வழியில் தேயாதா?

காலில் முள் தைத்தால் அந்தச் சேதி முதலில் தண்டுவடத்தை எட்டவேண்டும். ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம். பாதையோ தலைமுடியைவிட மெல்லிய நரம்பிழை. அதில் போகும் மின் சமிக்ஞை வழியிலேயே தேய்ந்துபோகாதா? இதற்கு விடை காண அறிவியல் உலகுக்கு நூறு ஆண்டுகள் பிடித்தன.

1850-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளை நரம்பில் சமிக்ஞையின் வேகத்தை அளந்தார். விநாடிக்குச் சுமார் 27 மீட்டர்தான்! கம்பியில் ஓடும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இது ஆமை வேகம். ஆக, நரம்பு வெறும் கம்பி அல்ல என்பது புலனாயிற்று.

1912-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஏட்ரியன், தவளை நரம்பின் ஒரு பகுதியைச் சாராய ஆவியால் மரக்கச் செய்தார். அங்கே சமிக்ஞை நலிந்தது. ஆனால், அப்பகுதியைத் தாண்டி நல்ல நரம்புக்கு வந்ததும் இழந்த பலத்தை முழுதாகப் பெற்றது! பட்டாசுத் திரியை எண்ணிப் பாருங்கள். ஈரம்பட்ட இடத்தில் நெருப்பு மங்கும். காய்ந்த இடத்தை எட்டிவிட்டால் மீண்டும் முன்போல் எரியும். ஈரம் நீண்டுவிட்டாலோ அணைந்தே போகும்.

நரம்பில் இந்த நெருப்பு எது? நாம் சோத்தோங் என்று வாங்கிச் சமைக்கும் கணவாய் இனத்தில்தான் விடை கிடைத்தது. அதன் நரம்பிழை சுமார் அரை மில்லிமீட்டர் பருமன் உடையது. 1939-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதனுள் மின்முனையைச் செலுத்தி அளந்தனர். போர் குறுக்கிட்டது. 1952-இல் முழு விளக்கத்தை வெளியிட்டனர். சமிக்ஞை வந்து சேரும் ஒவ்வோர் இடத்திலும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து அதைப் புதிதாகப் பிறப்பிக்கின்றன. அதனால்தான் அது தேய்வதில்லை.

கைப்பிடி சுழற்றும் கணக்குப்பொறியில் ஹக்ஸ்லி போட்ட கணக்குப்படி வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர், கணவாய் நரம்பில் அளந்தது 21.2 மீட்டர். 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு நம்பகமான ஏற்பாடும் நரம்பிழை நன்றாக இருக்கும்வரைதான். கட்டுக்கடங்காத நீரிழிவு அந்தத் திரியையே சிதைக்கிறது. பாதம் மரத்துப்போகிறது, முள் தைத்தாலும் சேதி வருவதில்லை, புண் மட்டும் வளர்கிறது. இனிப்புநீர் உள்ளவர்கள் தினமும் பாதத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்வது அவசியம், நேயர்களே. நரம்பு சொல்லாததைக் கண்ணாவது சொல்லட்டும்.