சுறாவின் மூக்கில் ஒரு மல்டிமீட்டர்

நாமக்கல் கோட்டை நிற்கும் பாறையில் எவ்வளவு தேடினாலும் ஒரு கிளிஞ்சல்கூடக் கிடைக்காது. விலங்குகளே தோன்றாத காலத்துப் பாறை அது. ஆனா அங்கிருந்து கிழக்கே எண்பது, நூறு கிலோமீட்டர் போனால், பெரம்பலூர் அரியலூர் பக்கம், வெறும் மண்ணில் சுறாப் பற்கள் கிடைக்கின்றன. காரை கிராமத்துப் படிவுகளில் கிடைத்த சில பற்கள் சுமார் 10 கோடி ஆண்டு பழையவை. கொத்திய அம்மி மாதிரி தட்டையாக, சிப்பி நொறுக்கத் தோதாக இருப்பவை.

ஏன் பல் மட்டும்? சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். பெரும்பாலும் அது மட்கிவிடும், பல் நிற்கும். சுறா என்றதும் நமக்குப் பல்லே ஞாபகம் வருவது சினிமாவால் மட்டும் இல்லை.

1666இல் இத்தாலியின் லிவோர்னோ கடலில் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை நிக்கோலஸ் ஸ்டெனோ அறுத்துப் பார்த்தார். மலைகளில் கிடைத்த 'நாக்குக் கற்கள்' எல்லாம் சுறாப் பற்களே என்று அவர் எழுதியது புவியியலுக்கே ஒரு தொடக்கம். அதே தலையின் தோலில் இருந்த நுண்துளைகளையும் அவர் பார்த்தார். 1678இல் ஸ்டெஃபானோ லோரென்சினி அவற்றை விரிவாக விவரித்தார்: ஒவ்வொரு துளையும் ஒரு குழாய், உள்ளே ஜெல்லி, அடியில் ஒரு குமிழ். எதற்கு என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பல்லின் கதை உடனே விளங்கியது. துளையின் கதைக்கு ஏறக்குறைய 300 வருடம் ஆனது.

1960இல் ஆர். டபிள்யூ. மர்ரே அந்தக் குமிழ்கள் மின்சாரத்தை உணர்வதாகக் காட்டினார். சுறா அதை வைத்து என்ன செய்கிறது? 1971இல் அட்ரியானுஸ் கால்மைன் வெளியிட்ட பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏன்னா அது நல்ல டீபக்கிங். மணலுக்கடியில் ஒரு தட்டை மீனை அகர் ஜெல்லிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் நேரே மேலே வராது. மின்சாரம் மட்டும் கசியும். சுறா சரியாக வந்து கவ்வியது. மீன் துண்டுகளை வைத்தால் ஏமாந்தது. பெட்டியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டதும், மின்சாரம் தடைபட்டு, சுறா கண்டுகொள்ளாமல் போய்விட்டது. கடைசியில் மீனையே எடுத்துவிட்டு இரண்டு மின்முனைகளைப் புதைத்தார். அதையும் வந்து கடித்தது!

ஒரு சென்டிமீட்டருக்கு 5 நானோவோல்ட் வரை அது உணரும் என்கிறார்கள். 1.5 வோல்ட் பேட்டரியின் அழுத்தத்தைக் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை சீராகப் பரப்பினால் வரும் அளவு.

நாமக்கல்லைத் தொட்டு ஓடும் காவிரி கடல் சேரும் இடம் பூம்புகார். அங்கே பரதவர் சுறாக் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்தக் கொம்பு வேளா மீனுடையது என்பதே பலர் கருத்து. வேளா உண்மையில் திருக்கையின் உறவு. அதன் ரம்பம் முழுக்க லோரென்சினி குமிழ்கள். இரையைத் தேடுவதும் அதுதான், அடிப்பதும் அதுதான்.

2001இல் வேளா இனங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். இன்று நம் கரையில் அது தென்படுவதே அபூர்வம். ரம்பத்தின் பற்கள் வலைக்கண்ணில் மாட்டினால் விடுபட வழியில்லை. நைலானிலிருந்தோ, உயிருள்ள மீன்போல, எந்த மின்சாரமும் வருவதில்லை.