தமிழ்த் திகில் படக்கதை ஓவியர்கள்

தமிழ்த் திகில் படக்கதை ஓவியர்கள் என்போர் பேய், வேதாளம், மாந்திரீகம், விபரீத அறிவியல் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட கதைகளைத் தமிழ் வாசகர்களுக்குக் கோட்டோவியமாகத் தந்தவர்கள். அம்புலிமாமா இதழ் தொடங்கிய 1947 முதல் 1980களின் இறுதிவரை இக்கலையின் பொற்காலம். சென்னையும் சிவகாசியும் இதன் இரு மையங்கள். சிவகாசி இதழ்களில் வந்த படங்களில் பெரும்பாலானவை அயல்நாட்டு ஓவியர்கள் வரைந்தவை.

தோற்றம்

தமிழில் அச்சத்தை உருவமாக்கும் மரபு அச்சு இயந்திரத்துக்கு மிக முந்தையது. காரைக்கால் அம்மையார் தம் பாடல்களில் திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும் அங்கு ஆடும் பேய்களையும் கண்முன் நிறுத்தினார். வற்றிய உடலும் எலும்பு தெரியும் மார்புமாகச் சோழர் காலச் சிற்பிகள் அவரைப் படிமமாக்கினர். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. பிற்காலப் படக்கதைகளில் வரும் ஒட்டிய வயிறு, துருத்திய பல், விரிந்த கூந்தல் ஆகியவை இம்மரபின் தொடர்ச்சியே.

காட்சிகளை அடுக்கிக் கதை சொல்லும் முறைக்கும் தமிழகத்தில் பழைய சான்றுகள் உள்ளன. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து மூன்றடுக்கு நடுகற்களில் கீழே போர், நடுவே வீரனை வானுலகுக்கு அழைத்துச் செல்லும் பெண்கள், மேலே தெய்வச் சன்னிதி எனக் கதை மூன்று கட்டங்களாக நகர்கிறது. தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலின் மண்டப விதானத்தில் இதிகாசக் காட்சிகள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. அதே ஊரில் காலபைரவருக்கும் புகழ்பெற்ற கோயில் உண்டு. மண்டையோடு ஏந்திய பைரவர் வடிவத்தை வணங்கிய மக்களுக்கு, அச்சமூட்டும் உருவம் வெறுக்கத்தக்கதாக இருந்ததில்லை.

கோயில் ஓவியர்களில் பெரும்பாலோர் பெயர் எழுதி வைக்கவில்லை. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதையைத் தீட்டிய சிங்காதனம் அரிய விதிவிலக்கு. அவர் தம் உருவத்தையும் பெயரையும் ஓவியத்திலேயே விட்டுச் சென்றார்.

வகைப்பாடு

அச்சில் வந்த திகில் படக்கதைகளை மூன்றாகப் பகுக்கலாம்.

1. கதையோவியம்: கதை உரைநடையில் செல்ல, முக்கியக் கட்டங்கள் மட்டும் படமாவது. அம்புலிமாமா இவ்வகை.
2. நாளிதழ்த் தொடர்: ஒவ்வொரு நாளும் சில கட்டங்கள் வருவது. தினத்தந்தியின் கன்னித்தீவு இவ்வகை.
3. முழுநீளப் படக்கதை: இதழ் முழுவதும் கட்டங்களாலும் பேச்சுக் குமிழ்களாலும் ஆனது. முத்து, லயன், திகில், ராணி காமிக்ஸ் இதழ்கள் இவ்வகை.

மூன்றுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. ஒற்றை மையில், மலிவுத் தாளில் அச்சாகும் படத்தில் சாம்பல் நிறம் தனியே கிடைக்காது. கோட்டின் நெருக்கத்தையும் புள்ளியையும் கொண்டே நிழலை உண்டாக்க வேண்டும். எனவே திகில் ஓவியரின் திறமை அவர் கருமையை எங்கே நிறுத்துகிறார் என்பதில் வெளிப்படுகிறது.

அம்புலிமாமா ஓவியர்கள்

பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய இதழின் முதன்மை ஓவியர் ‘சித்ரா’ என்ற டி. வீரராகவன். தாசரி சுப்ரமணியம் எழுதிய மாயாஜாலத் தொடர்களுக்கு அவர் வரைந்த மாந்திரீகர்களும் கோட்டைகளும் விசித்திர விலங்குகளும் ஒரு தலைமுறையின் கனவுகளை நிறைத்தன.

‘சங்கர்’ என்ற கே. சி. சிவசங்கரன் (1924–2020) இத்துறையின் தலைசிறந்த ஓவியர். ஈரோட்டுப் பகுதிச் சிற்றூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். கலைமகள் இதழில் பணியாற்றிய பின் 1952-இல் அம்புலிமாமாவில் சேர்ந்து, ஏறத்தாழ 60 ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். உருவிய வாளோடும் தோளில் தொங்கும், வேதாளம் குடிகொண்ட பிணத்தோடும் மயானத்தைக் கடக்கும் விக்கிரமாதித்தன் அவர் படைப்பே. அந்தப் படத்தில் அரசனின் நடை நிதானமானது, முகத்தில் பயமில்லை. சுற்றியுள்ள இருளை முழுவதும் பார்வையாளரின் பக்கம் தள்ளிவிட்டதே சங்கரின் மேதைமை. சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் உள்ள 25 வேதாளக் கதைகள் தீர்ந்த பிறகும் இதழில் புதிய கதைகள் பல ஆண்டுகள் வெளிவந்ததற்கு இந்தப் படத்தின் ஈர்ப்பு முக்கியக் காரணம்.

கன்னித்தீவு

இத்தொடர் 1960-இல் தினத்தந்தியில் தொடங்கியது. ஓவியர் கணு; பின்னர் தங்கம். மந்திரவாதி மூசாவால் சிற்றுருவாக்கப்பட்ட லைலாவுடன் கதைநாயகன் சிந்துபாத் மேற்கொள்ளும் பயணத்தில் பூதங்களும் கொடிய விலங்குகளும் தவறாது வந்தன.

சிவகாசி இதழ்கள்

1972-இல் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், முல்லை தங்கராசனை ஆசிரியராகக் கொண்டு இரும்புக்கை மாயாவியுடன் வெளிவந்தது. 1962-இல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில் பிறந்த இக்கதையை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ (1919–1995). மின்சாரம் பாய்ந்ததும் நாயகன் உடல் மறைந்து, எஃகுக் கை மட்டும் காற்றில் மிதக்கும். இல்லாத உடலின் எடையை அந்த ஒரு கையின் சாய்விலேயே காட்டியவர் பிளாஸ்கோ.

எஸ். விஜயன் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ‘ஸ்பைடர்’ தொடரைத் தந்தது. கூர்ந்த காதும் கருப்பு உடையும் கொண்ட இந்தக் குற்றச் சக்கரவர்த்தியைக் குறுக்குக் கோடுகளால் செதுக்கியவர் ரெஜ் பன். திகிலுக்கெனவே ‘திகில் காமிக்ஸ்’ 1986-இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் வார இதழ்கள் ஓவியர் பெயரை அச்சிடாததால், தமிழ் வாசகர்களும் இம்மேதைகளின் பெயரறியாமலே அவர்களை நேசித்தனர்.

அமெரிக்காவில் கிரஹாம் இங்கெல்ஸ், ஜாக் டேவிஸ் முதலியோர் வளர்த்த திகில் இதழ்கள் 1954-இன் தணிக்கை நெறியால் முடங்கின. தமிழிலோ வேதாளக் கதை குழந்தைகள் இதழான அம்புலிமாமாவிலேயே வளர்ந்தது. கதை முடிவில் ஓர் அறக்கேள்வி இருந்ததால் பெற்றோரும் அதனை ஏற்றனர்.

இன்றைய நிலை

அம்புலிமாமா நின்றுவிட்டது. லயன்–முத்து இதழ்கள் சிவகாசியிலிருந்து தொடர்ந்து வெளிவருகின்றன. 2020 செப்டம்பர் 29 அன்று மறைந்த சங்கருக்கு, மறைவுக்குப் பின் 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.